சுடோகுவும் கணினியும்: விடை கேட்பதா, வழி கேட்பதா?

காலையில் நாளிதழ் வந்ததும் தலைப்புச் செய்தியைக்கூடப் பார்க்காமல் நேராகப் புதிர்ப் பக்கத்துக்குப் போய், பென்சிலும் கையுமாக உட்காருகிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குச் சுடோகுவோடு தனி ஒட்டுதல் உண்டு என்பது என் எண்ணம். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் தாத்தா பாட்டிக்கு இங்கே விற்கும் உள்ளூர்மொழிப் பத்திரிகை படிக்க வராது. இங்கேயே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கோ தமிழ்க் குறுக்கெழுத்துப் போட்டி எட்டாக்கனி. 1 முதல் 9 வரையுள்ள எண்களுக்கு மொழி கிடையாது. தாத்தாவும் பேத்தியும் ஒரே தாளைப் பார்த்து, "இந்த எட்டு எங்கே போகும்?" என்று சேர்ந்து யோசிக்கலாம்.

அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இப்போது கணினியும் கைபேசியும் வந்து உட்கார்ந்துவிட்டன. இதைப் பற்றி நம்மவர்களிடம் இரண்டு கட்சிகளைக் கேட்கிறேன். "மென்பொருளைத் தொட்டாலே அது காப்பியடிக்கிற மாதிரிதான்" என்பது ஒரு கட்சி. "பட்டனைத் தட்டினா விடை வந்துடுது, எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்?" என்பது இன்னொரு கட்சி. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. மென்பொருளிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது இது. விடையைக் கேட்டால் அரை நொடியில் கிடைக்கும். நாளைய புதிருக்கு அது உதவாது. வழியைக் கேட்டால் அது நல்ல வாத்தியார். இதை விளக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினியின் தோளில் ஏறி வந்த புதிர்

பெயர் ஜப்பானியப் பெயர். ஆனால் இன்றைய வடிவத்தில் இந்தப் புதிர் முதலில் அச்சானது அமெரிக்காவில், 1979-ல். டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் 'நம்பர் பிளேஸ்' என்ற பெயரில் வந்தது. ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர்தான் இதை உருவாக்கியவர் என்று கருதப்படுகிறது. 1984-ல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் இதைத் தன் இதழில் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் மாக்கி காஜி வைத்த நீண்ட பெயரின் சுருக்கமே 'சுடோகு'. எண்கள் தனித்தே இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். 'தனி' என்பதற்கு அவர் போட்ட ஜப்பானியச் சொல் திருமணமாகாதவர்களைக் குறிப்பது. ஆகவே எண்கள் பிரம்மச்சாரிகளாகவே இருக்கவேண்டும் என்று நாம் வேடிக்கையாகச் சொல்லலாம். காஜி 2021-ல் காலமானார்.

ஜப்பானுக்கு வெளியே இது பரவியதற்குக் காரணம் ஒரு மென்பொருள். நியூசிலாந்துக்காரரான வெய்ன் கோல்ட் ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1997-ல் டோக்கியோவில் ஒரு புத்தகக் கடையில் சுடோகு புத்தகத்தைப் பார்த்தார். புதிர்களைத் தானே உருவாக்கும் நிரலை எழுத ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் உழைத்தார். அந்த நிரல் தந்த புதிர்களை லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழ் 2004 நவம்பர் 12 அன்று வெளியிடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் சுடோகு வந்துவிட்டது. நிக்கோலி நிறுவனமோ கையால் அமைத்த புதிர்களையே பெருமையாகக் கருதுகிறது. ஆக, கணினி இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வந்த அந்நியன் அல்ல. நாம் நாளிதழில் போடும் புதிர்களில் பெரும்பாலானவை கணினி அமைத்தவைதான்.

கணினி எப்படிப் போடுகிறது?

முதலில் சில பெயர்களை வைத்துக்கொள்வோம். இடமிருந்து வலம் போவது வரிசை. மேலிருந்து கீழே இறங்குவது பத்தி. 3×3 சிறு சதுரம் பெட்டி. ஓர் எண் எழுதும் இடம் கட்டம். 9 வரிசை, 9 பத்தி, 9 பெட்டி, மொத்தம் 81 கட்டம். ஒவ்வொரு வரிசையிலும், பத்தியிலும், பெட்டியிலும் 1 முதல் 9 வரை எல்லா எண்களும் ஒரு முறை மட்டும் வரவேண்டும். விதி இவ்வளவுதான். கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. எண்களுக்குப் பதில் ஒன்பது பழங்களின் படங்களைப் போட்டாலும் ஆட்டம் மாறாது.

கணினியின் வழியைக் காட்ட 9×9 பெரிதாக இருக்கும். 4×4 குட்டிச் சுடோகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கே பெட்டி என்பது 2×2. எண்கள் 1 முதல் 4 வரை. கோடு போட்ட இடம் காலிக் கட்டம்.

– – – 4
3 – – –
– 2 – –
– – 1 –

சாதாரணக் கணினி நிரல் முதல் காலிக் கட்டத்தில், அதாவது இடது மேல் மூலையில், 1 போட்டுப் பார்க்கும். வரிசையில் 1 இல்லை, பத்தியில் இல்லை, பெட்டியிலும் இல்லை. சரி என்று அடுத்த கட்டத்துக்குப் போகும். அங்கே 1 போட முடியாது, பக்கத்திலேயே இருக்கிறது. 2 முடியாது, அதே பத்தியில் கீழே 2 இருக்கிறது. 3 முடியாது, பெட்டியில் 3 இருக்கிறது. 4 முடியாது, வரிசைக் கடைசியில் 4 இருக்கிறது. முட்டுச் சந்து. உடனே நிரல் ஒரு படி பின்னால் வந்து, முதலில் போட்ட 1-ஐ அழித்துவிட்டு 2 போடும். இப்போது இரண்டாவது கட்டத்தில் 1 பொருந்தும். மூன்றாவதில் 3. இப்படியே போனால் இந்தப் புதிர் மறுபடி முட்டாமல் முடிந்துவிடும்.

2 1 3 4
3 4 2 1
1 2 4 3
4 3 1 2

போட்டுப் பார், முட்டினால் திரும்பி வா. கணினித் துறையில் இதை 'பேக்ட்ராக்கிங்' என்கிறார்கள். தமிழில் 'பின்வாங்கித் தேடல்' எனலாம். 9×9 புதிரில் இந்த மாதிரி ஆயிரக்கணக்கான தடவை, சில சமயம் லட்சக்கணக்கான தடவை, முட்டித் திரும்ப நேரும். கணினிக்கு அலுப்பு கிடையாது. அதனால் மனிதர்கள் மணிக்கணக்கில் தவிக்கும் புதிரும் அதற்குக் கண் இமைக்கும் நேரம்தான்.

இதையே இன்னும் நேர்த்தியாகச் செய்யும் முறைகளும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு நூத் 2000-ஆம் ஆண்டு 'டான்சிங் லிங்க்ஸ்' என்ற உத்தியைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அது சுடோகுவுக்காக எழுதப்பட்டது அன்று. ஆனால் சுடோகுவுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. 81 கட்டம், ஒவ்வொன்றிலும் 9 எண் என்று 729 வாய்ப்புகள். கட்டத்துக்கு ஓர் எண் என்பதில் 81, வரிசைக்கு 81, பத்திக்கு 81, பெட்டிக்கு 81 என்று 324 நிபந்தனைகள். 324 நிபந்தனைகளையும் தலா ஒரே முறை நிறைவேற்றும்படி 729-ல் 81 வாய்ப்புகளைப் பொறுக்கி எடுப்பதுதான் கணினி பார்க்கும் சுடோகு.

மனிதர் எப்படிப் போடுகிறோம்?

அதே குட்டிப் புதிரைத் தாத்தா எப்படிப் போடுவார்? "இடது மேல் பெட்டிக்கு ஒரு 2 வேணும். இரண்டாம் பத்தியில கீழே ஏற்கெனவே 2 இருக்கு, அதனால அந்தப் பத்தி அடைச்சாச்சு. மிச்சம் இருக்கிற ரெண்டு இடத்துல ஒண்ணுல 3 உட்கார்ந்திருக்கு. அப்போ 2 மூலையிலதான் வரணும்." முடிந்தது. அவர் 1-ஐப் போட்டு அழிக்கவில்லை. எழுதும் முன்பே அவரிடம் காரணம் இருந்தது.

கணினியும் தாத்தாவும் ஒரே மூலையில் ஒரே 2-ஐத்தான் எழுதினார்கள். கணினியின் விடையிலிருந்து நாம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. 1 சரிப்படவில்லை என்பதுதான் அதன் காரணம். தாத்தாவின் காரணத்தை நாளைக்கு வேறு புதிரில், வேறு எண்ணுக்கு, வேறு பெட்டியில் அப்படியே பயன்படுத்தலாம். பேத்திக்குச் சொல்லியும் கொடுக்கலாம்.

கணினி இல்லாமல் தெரிந்திருக்காத சில உண்மைகள்

இதனால் கணினியின் முரட்டுத் தேடலை நான் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். மனிதக் கையால் முடியாத கேள்விகளுக்கு அதுதான் விடை கண்டது.

முழுதாக நிரம்பிய சுடோகு கட்டங்கள் மொத்தம் எத்தனை? 2005-ல் பெர்ட்ராம் ஃபெல்கன்ஹவர், ஃப்ரேசர் ஜார்விஸ் இருவரும் கணினி உதவியுடன் எண்ணிச் சொன்ன விடை 6,670,903,752,021,072,936,960. நம் கணக்கில் ஆறரைக் கோடி கோடி கோடிக்கும் மேல். சுழற்றியும், திருப்பியும், எண்களை இடம் மாற்றியும் ஒன்றிலிருந்து ஒன்று பெறக்கூடியவற்றை ஒன்றாகவே கணக்கிட்டாலும் 5,472,730,538 மிஞ்சும்.

இன்னொரு கேள்வி: ஒரே விடை வரும்படி புதிர் அமைக்க, குறைந்தது எத்தனை எண்கள் கொடுக்க வேண்டும்? 17 எண் கொடுத்த புதிர்கள் பல்லாயிரம் கிடைத்திருந்தன. 16-ல் ஒன்றாவது உண்டா என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கேரி மெக்குவயரும் அவர் குழுவினரும் 2012 ஜனவரியில் விடை சொன்னார்கள்: 16-ல் முடியாது. இதற்காக மேற்சொன்ன ஐந்நூறு கோடிக்கும் மேற்பட்ட கட்டங்களையும் அலசினார்கள். பல செயலிகள் ஒரே சமயத்தில் செய்த வேலையை ஒரே செயலி செய்திருந்தால் சுமார் 71 லட்சம் மணி நேரம், அதாவது 800 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும்.

எண் குறைந்தால் புதிர் கடினமா?

கொடுத்த எண்கள் குறைவாக இருந்தால் புதிர் கடினம் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. 17 எண் கொடுத்த புதிரில் எளிய காரணங்களே போதுமானதாக இருக்கலாம். 28 எண் கொடுத்த புதிர் நம்மைத் திணறடிக்கலாம். புதிரை முடிக்கத் தேவைப்படும் உத்திகளிலேயே எது மிகக் கடினமானதோ, அதைப் பொறுத்துத்தான் மென்பொருள்கள் புதிரைத் தரம் பிரிக்கின்றன. அந்த உத்திகளை ஏறுவரிசையில் சொல்கிறேன். மென்பொருள்களில் ஆங்கிலப் பெயரே இருப்பதால் அதையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

முதலாவது, 'நேக்கட் சிங்கிள்'. ஒரு கட்டத்துக்குரிய வரிசை, பத்தி, பெட்டி மூன்றையும் பார்த்தால் எட்டு எண்கள் வந்துவிட்டன. மிச்சம் ஒன்றே ஒன்று. அதுதான் அங்கே.

இரண்டாவது, 'ஹிடன் சிங்கிள்'. ஒரு கட்டத்தில் பல எண்கள் வரலாம்போல் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு அந்த ஓர் இடம்தான் உண்டு. தாத்தா மேலே செய்தது இதுதான். கட்டத்தைப் பார்த்து "இங்கே யார்?" என்று கேட்பது முதல் உத்தி. எண்ணைப் பார்த்து "நீ எங்கே?" என்று கேட்பது இரண்டாவது உத்தி. நாளிதழின் எளிய புதிர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, 'பாயிண்டிங்'. ஒரு பெட்டிக்குள் 5 வரக்கூடிய இடங்கள் எல்லாமே முதல் வரிசையில்தான் இருக்கின்றன என்று வையுங்கள். எந்த இடம் என்று தெரியாவிட்டாலும், முதல் வரிசையின் 5 அந்தப் பெட்டிக்குள்தான் என்பது உறுதி. ஆகவே அதே வரிசையில் மற்ற இரண்டு பெட்டிகளிலும் 5-ஐ அடித்துவிடலாம்.

நான்காவது, 'நேக்கட் பேர்'. ஒரு வரிசையில் இரண்டு கட்டங்களில் 4, 7 இரண்டு மட்டுமே வர முடியும். யாருக்கு எது என்று தெரியாது. ஆனால் அந்த இரண்டு எண்களும் அந்த இரண்டு இடங்களுக்கே சொந்தம். அதே வரிசையில் 4, 7, 9 என்று மூன்று வாய்ப்புள்ள வேறொரு கட்டம் இருந்தால் அங்கே 9தான்.

ஐந்தாவது, 'எக்ஸ்-விங்'. இரண்டாம் வரிசையில் 6 வரக்கூடிய இடங்கள் 3-ஆம் பத்தி, 8-ஆம் பத்தி மட்டுமே. ஏழாம் வரிசையிலும் அதே இரண்டு பத்திகள்தான். மேலே 6 மூன்றாம் பத்தியில் என்றால் கீழே எட்டாம் பத்தியில். மேலே எட்டாம் பத்தியில் என்றால் கீழே மூன்றாம் பத்தியில். எப்படியானாலும் இந்த இரண்டு பத்திகளின் 6-கள் இந்த நான்கு மூலைகளுக்குள் அடங்கிவிட்டன. ஆகவே அந்தப் பத்திகளின் மற்றக் கட்டங்களில் 6 வராது. ஓர் எண்ணைக்கூட எழுதாமல் இவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதை முதன்முதலில் உணரும்போது உண்டாகும் மகிழ்ச்சி இருக்கிறதே, அதற்காகவே நான் சுடோகு போடுகிறேன்.

மென்பொருளிடம் கேட்க வேண்டியவை

இப்போது விஷயத்துக்கு வருவோம். மென்பொருளிடம் நியாயமாகக் கேட்கக்கூடிய உதவிகள் நான்கு என்பேன்.

ஒன்று, சரிபார்ப்பு. ஒரே வரிசையில் எண் இரட்டித்துவிட்டால் சிவப்பாகக் காட்டும் வசதி அநேகமாக எல்லாச் செயலிகளிலும் உண்டு. எக்சல் தெரிந்தவர்கள் 'கவுண்ட்-இஃப்' சூத்திரத்தால் இதைத் தாங்களே செய்துகொள்ளலாம். பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. ஓர் எச்சரிக்கை: வரிசையின் கூட்டுத்தொகை 45 வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒன்பது கட்டத்திலும் 5 எழுதினாலும் 45 வரும்!

இரண்டு, பென்சில் குறி. ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் வரக்கூடிய எண்களைச் சிறியதாக மூலையில் எழுதுவது. நாளிதழ்த் தாளில் இதைச் செய்தால் சின்னக் கட்டத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். கண் மங்கிய பெரியவர்களுக்குப் பெரும் சிரமம். கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இது எழுத்தர் வேலை; யோசிக்கும் வேலை இல்லை. இதைக் கணினியிடம் ஒப்படைப்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. ஆனால் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் முதல் பத்து இருபது புதிர்களுக்காவது குறிகளைத் தாங்களே போடட்டும். அப்போதுதான் எந்த எண் ஏன் அடிபட்டது என்பது மனத்தில் பதியும்.

மூன்று, புதிர் சரியானதா என்ற சோதனை. இதைத் தனியே சொல்கிறேன்.

நான்கு, குறிப்பு. இங்கேதான் கவனம் வேண்டும். பல கைபேசிச் செயலிகளில் 'ஹிண்ட்' பட்டனைத் தட்டினால் ஏதோ ஒரு கட்டத்தில் எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடும். ஏன் அந்த எண் என்று சொல்லாது. அது குறிப்பு அல்ல. விடையைத் தவணை முறையில் கொடுப்பது. நல்ல மென்பொருள் காரணத்தைச் சொல்லும். 'ஹோடோகு' என்ற இலவச மென்பொருளில் குறிப்பு படிப்படியாகக் கிடைக்கும். முதல் படியில் உத்தியின் பெயரை மட்டும் சொல்லும்: "இங்கே ஒரு நேக்கட் பேர் இருக்கிறது", அவ்வளவுதான். அடுத்த படியில் எந்த இடம் என்று காட்டும். அதற்கும் அடுத்துத்தான் அந்தப் படியைத் தானே செய்து காட்டும். 'சுடோகு எக்ஸ்ப்ளெய்னர்' என்ற மென்பொருள் தன் பெயருக்கேற்ப ஒவ்வொரு படியையும் வாக்கியங்களில் விளக்கும்.

நல்ல வாத்தியார் இப்படித்தான் செய்வார். கணக்கு வரவில்லை என்று பையன் போய் நின்றால் உடனே போட்டுக் காட்ட மாட்டார். "போன வாரம் படிச்சோமே, அந்தச் சூத்திரம் ஞாபகம் இருக்கா?" என்பார். அதற்கும் முழித்தால், "இந்த வரியைப் பாரு" என்பார். கடைசியில்தான் கரும்பலகைக்குப் போவார்.

ஒரே விடை என்ற ஒப்பந்தம்

நல்ல சுடோகுவுக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். புதிர் அமைப்பவருக்கும் நமக்கும் உள்ள எழுதாத ஒப்பந்தம் இது. இது மீறப்பட்டால் எவ்வளவு யோசித்தாலும் காரணத்தால் புதிரை முடிக்க முடியாது. ஓரிடத்தில் யூகம் செய்தே தீரவேண்டும். பாவம், போடுகிறவர் தனக்குத்தான் மூளை மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

இதோ ஒரு 4×4 உதாரணம்.

1 – – –
– – – 2
– 1 – –
– – 2 –

1-களையும் 2-களையும் காரணத்தோடு முழுவதும் நிரப்பிவிடலாம். பிறகு 3, 4 வர வேண்டிய எட்டுக் கட்டங்கள் மிஞ்சும். அவற்றை நான்கு விதமாக நிரப்ப முடியும். ஏன்? கொடுத்த எண்களில் 3-ம் இல்லை, 4-ம் இல்லை. ஒரு விடை கிடைத்தால் அதிலுள்ள 3-ஐ எல்லாம் 4 ஆக்கி, 4-ஐ எல்லாம் 3 ஆக்கினால் இன்னொரு விடை தயார். இதே நியாயப்படி 9×9 புதிரில் கொடுத்த எண்களுக்குள் குறைந்தது எட்டு வெவ்வேறு எண்களாவது இருந்தே ஆகவேண்டும். இரண்டு எண்கள் தலைகாட்டவே இல்லை என்றால், பென்சிலைத் தொடும் முன்பே அது பழுதான புதிர் என்று சொல்லிவிடலாம்.

எட்டு எண்கள் இருந்தாலும் பழுது இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கக் கணினியின் முரட்டுத் தேடலைவிட நல்ல கருவி இல்லை. முதல் விடை கிடைத்ததும் நிற்காமல் தொடர்ந்து தேடி, இரண்டாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடும். சங்க விழாவுக்கோ பள்ளிக்கோ நீங்களே புதிர் தயாரித்தால் இந்தச் சோதனையைச் செய்யாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். நாளிதழ்ப் புதிரைக் கணினியில் ஏற்றும்போது "விடை இல்லை" என்றோ "பல விடைகள்" என்றோ வந்தால், முதலில் தட்டச்சைச் சரிபாருங்கள். ஓர் எண் ஒரு கட்டம் தள்ளி விழுந்திருக்கும்.

படம் எடுத்தால் விடை

2011-லேயே கூகுளின் 'காகிள்ஸ்' செயலி, நாளிதழ்ச் சுடோகுவைக் கைபேசிக் கேமராவில் காட்டினால் விடையைத் தந்தது. அந்தச் செயலி 2018-ல் நிறுத்தப்பட்டுவிட்டாலும், அதே வேலையைச் செய்யும் செயலிகள் இன்று உண்டு. இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடு மென்பொருள்களிடமும் பிள்ளைகள் புதிரைக் கொடுக்கிறார்கள். அவை சரியான விடையையும் தரலாம்; தவறான விடையையும் கொஞ்சமும் தயங்காத நடையில் எழுதித் தரலாம்.

இங்கே சுடோகு ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறது. விடை கண்டுபிடிப்பது கடினம். கொடுத்த விடையைச் சரிபார்ப்பது எளிது. 9 வரிசை, 9 பத்தி, 9 பெட்டி, ஆக 27 முறை பார்த்தால் போதும். கூடவே, புதிரில் கொடுத்திருந்த எண்கள் அப்படியே இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாம் வகுப்புக் குழந்தைகூடச் செய்துவிடும். கட்டத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் சுடோகு எவ்வளவு கடினமாகும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003-ல் ஆராய்ந்தார்கள். சரிபார்ப்பது சுலபம், ஆனால் விரைவாகத் தீர்க்கும் பொது வழி இதுவரை அறியப்படாதது என்ற புகழ்பெற்ற கணக்குகளின் கூட்டத்தில் அதுவும் சேர்ந்தது. பிள்ளைகளுக்கு இதைச் சுடோகுவில் பழக்கிவிடலாம்: யார் விடை தந்தாலும், எவ்வளவு உறுதியாகத் தந்தாலும், நாமே ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

வீட்டில் கடைப்பிடிக்கச் சில முறைகள்

நான் பழகியும் பிறருக்குச் சொல்லியும் வரும் முறை இது. முதலில் தாளில் போடுங்கள். தேங்கி நின்றால் உடனே மென்பொருளிடம் ஓடாமல், பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள்; புதுக் கண்ணுக்குப் பல விஷயங்கள் தெரியும். அப்போதும் நகரவில்லையென்றால் புதிரைக் கணினியில் ஏற்றி உத்தியின் பெயரை மட்டும் கேளுங்கள். பெயர் தெரிந்ததும் திரையை மூடிவிட்டுத் தாளில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இடத்தைக் கேளுங்கள். ஒரு புதிருக்கு ஒரு குறிப்புக்கு மேல் வேண்டாம். புதிர் முடிந்தபின் அந்த உத்தியைப் பக்கத்தில் இருக்கிறவருக்கு வாயால் விளக்கிச் சொல்லுங்கள். தமிழில் சொன்னால் இன்னும் விசேஷம். "இந்த வரிசையில நாலு வராது, ஏன்னா..." என்று ஆரம்பித்து ஒரு காரணத்தைக் கடைசிவரை தமிழில் சொல்லி முடிக்க நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பு குறைவு. பள்ளியிலும் வெளியிலும் வேறு மொழி. சுடோகு அந்த வாய்ப்பைத் தினமும் பத்து நிமிடம் தருகிறது.

குடும்பமாகப் போடும்போது ஒரே ஒரு சட்டம் வையுங்கள்: காரணம் சொல்லாமல் யாரும் எண்ணை எழுதக் கூடாது. தாத்தாவுக்கும் இது பொருந்தும், கணினிக்கும் பொருந்தும். காரணம் சொல்லாத மென்பொருளை நீக்கிவிட்டுச் சொல்கிறதை ஏற்றிக்கொள்ளுங்கள்.

உலக சுடோகு போட்டி 2006-ல் இத்தாலியின் லூக்காவில் தொடங்கியது. 2008-ல் கோவாவிலும் 2017-ல் பெங்களூரிலும் நம் நாட்டில் நடந்தது. அங்கே போட்டியாளர் கையில் தாளும் பென்சிலும்தான், மென்பொருளுக்கு இடமில்லை. பயிற்சியில் அதிலிருந்து எவ்வளவு கற்றிருந்தாலும், மேசையில் உட்காரும்போது தலைக்குள் இருப்பதுதான் கூட வரும்.

சுடோகு போட்டால் மறதி நோய் வராது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும், வீட்டில் நாலு பேர் கூடி உட்காருவார்கள், "ஏன்?" என்று கேட்கும் பழக்கம் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொள்ளும். இவை போதாதா? நாளைக் காலைப் புதிரில் தேங்கி நின்றால், கணினியைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். "விடை என்ன?" என்று கேட்காமல், "நான் எதைப் பார்க்கத் தவறினேன்?" என்று கேளுங்கள்.